புல்வெட்டி இன்ஜினை மாடல் விமானத்துக்கு மாற்றுதல்: கழற்ற வேண்டியவை, தொடக்கூடாதவை

தோளில் மாட்டிப் புல் வெட்டும் கருவியின் இன்ஜின் எந்தச் சாய்விலும் நிற்காமல் ஓட வேண்டும், நிமிடத்துக்கு 7000 சுற்றை மணிக்கணக்கில் தாங்க வேண்டும், கையால் இழுத்தால் கிளம்ப வேண்டும். மாடல் விமானமும் இன்ஜினிடம் இவற்றைத்தான் எதிர்பார்க்கிறது. சாய்ந்தாலும் கவிழ்ந்தாலும் பெட்ரோலைச் சரியாகக் கொடுக்கும் டயஃப்ரம் கார்ப்புரேட்டர் அதில் ஏற்கெனவே இருக்கிறது. சிலிண்டரும் பிஸ்டனும் உழைப்புக்கென்றே செய்யப்பட்டவை. ஜப்பானின் ஜெனோவா (Zenoah) நிறுவனத்தின் ஜி-23, ஜி-38, ஜி-62 போன்ற பெயர்பெற்ற மாடல் விமான இன்ஜின்களும் தோட்டக் கருவி இன்ஜின்களின் வம்சம்தான்.

ஆனால் மூன்று விஷயங்களில் கருவியும் விமானமும் ஒத்துப்போகாது. எடை, குளிர்விக்கும் காற்று, கிராங்க் தண்டின் மேல் விழும் பாரம். மாற்றும் வேலை முழுக்க இந்த மூன்றைப் பற்றியதுதான். இன்ஜினின் உள்ளே கை வைக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் வாய்களான போர்ட்டை அரத்தால் ராவி 200, 300 சுற்று கூட்டப் பார்ப்பவர்கள், ப்ரொப்பெல்லரைத் தண்டோடு இணைக்கும் ஹப் அரை மில்லிமீட்டர் ஆடுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதலாவது இல்லாமலும் விமானம் நன்றாகப் பறக்கும். இரண்டாவது இருந்தால் பேரிங், ப்ரொப்பெல்லர், சில சமயம் விரல் என்று எல்லாவற்றையும் பதம் பார்த்துவிடும்.

எந்த இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது

21 முதல் 32 சிசி வரை உள்ள இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களே முதல் முயற்சிக்கு ஏற்றவை. இலை ஊதும் கருவியின் இன்ஜினும் இதே குடும்பம். மரம் அறுக்கும் செயின் சா இன்ஜின்கள் 40, 50 சிசியில் நல்ல வலுவோடு கிடைக்கும். ஆனால் அவற்றில் எண்ணெய்த் தொட்டி, கைப்பிடி, கிராங்க் கேஸ் எல்லாம் ஒரே வார்ப்பாக இருப்பது வழக்கம். அதை அறுத்து எடுப்பது தனி வேலை. நான்கு ஸ்ட்ரோக் புல்வெட்டி இன்ஜின்களும் உண்டு. எடைக்கு ஏற்ற வலு அவற்றில் கிடைப்பதில்லை. ஹோண்டா ஜிஎக்ஸ்25 போன்றவை 7000 சுற்றில் சுமார் ஒரு குதிரைத்திறனோடு நின்றுவிடும். சத்தம் குறைவாக இருந்தால் போதும் என்பவருக்கு மட்டும் அது சரி.

வாங்குவதற்கு முன் கிராங்க் தண்டு எப்படித் தாங்கப்படுகிறது என்று பாருங்கள். கிராங்க் பின்னின் இரண்டு பக்கமும் எடைத்தட்டும் பேரிங்கும் இருந்தால் அது முழு கிராங்க். ஒரு பக்கம் மட்டுமே தண்டு, மறுபக்கம் பின் அந்தரத்தில் நின்றால் அரை கிராங்க். விலை குறைந்த புல்வெட்டிகளில் அரை கிராங்க் நிறைய உண்டு. பலரும் விமானத்துக்கு மாற்றிப் பறக்கவிட்ட ரையோபி 31 சிசி அந்த வகைதான். நிதானமாகப் பறக்கும் பயிற்சி விமானத்துக்கும் பழைய காலத்து விமானங்களின் மாதிரிக்கும் அரை கிராங்க் தாராளமாகப் போதும். சட்டென்று மூக்கைத் திருப்பும் சாகச விமானத்துக்கு வேண்டாம். 18 அங்குல ப்ரொப்பெல்லர் 7000 சுற்றில் சுழலும்போது விமானம் திசை மாறினால், சுழலும் பொருளுக்கே உரிய எதிர்ப்பு தண்டை வளைக்கப் பார்க்கும். முழு கிராங்கில் அந்தப் பாரத்தை இரண்டு பக்கத்துப் பேரிங்குகளும் பகிர்ந்துகொள்ளும்.

பழைய இன்ஜினாக இருந்தால் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆழமான கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். பிஸ்டனும் ரிங்கும் மாற்றலாம், சிலிண்டரின் குரோம் பூச்சு உரிந்திருந்தால் அதற்கு மருந்து இல்லை. கம்ப்ரெஷன் மானி 100 பிஎஸ்ஐ-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், விரலுக்கு ஆட்டம் தெரியவே கூடாது. முன்னும் பின்னுமாக 0.1, 0.2 மி.மீ. நகர்வது இயல்பு. அதற்கு மேல் போனால் தண்டை அச்சுவாக்கில் எது நிறுத்தி வைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புல்வெட்டியில் தண்டை முன்னால் இழுக்க எதுவும் இல்லை. விமானத்தில் ப்ரொப்பெல்லர் ஐந்து கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும். பேரிங்கின் உள்வளையம் தண்டில் வழுக்கினால் எடைத்தட்டு கேஸின் சுவரில் போய் உரசும்.

எந்தப் பக்கம் சுற்றுகிறது

சாதாரண விமான ப்ரொப்பெல்லர், விமானத்துக்கு எதிரே நின்று பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். புல்வெட்டியின் கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்கள் இதே திசையில்தான் சுற்றுகின்றன. எனவே கிளட்ச் இருந்த முனையில் ப்ரொப்பெல்லரை மாட்டினால் திசைச் சிக்கல் வராது. எதற்கும் ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, கண்ணால் பார்த்து, கேஸில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பிளைவீல் பக்கம்தான் வசதி என்றால், பின்னாலிருந்து தள்ளும் விமானங்களுக்கென விற்கும் எதிர்த்திசை ப்ரொப்பெல்லரைப் பயன்படுத்தலாம். அல்லது இன்ஜினையே எதிர்த்திசையில் ஓட வைக்கலாம். பிஸ்டனே போர்ட்டைத் திறந்து மூடும் இன்ஜினுக்கும் ரீடு வால்வு இன்ஜினுக்கும் திசை ஒரு பொருட்டில்லை. தீப்பொறி விழும் நேரம் மட்டும் மாற வேண்டும். பிளைவீலில் உள்ள காந்தத்தால் பொறி உண்டாக்கும் பழைய மேக்னெட்டோவில் அது நடக்காது, எலக்ட்ரானிக் இக்னிஷனில் சென்சாரை இடம் மாற்றினாலே போதும்.

கழற்றுவது

ஸ்டார்டர், காற்று உறை, கிளட்ச், பெட்ரோல் டேங்க், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் போகும். கிளட்ச் இடமரையாகவும் இருக்கலாம். பாக்ஸ் ஸ்பேனரோடு மல்லுக்கட்டும் முன் எந்தத் திசையில் கழல்கிறது என்று உறுதி செய்யுங்கள். பிஸ்டனை நிறுத்த ஸ்க்ரூ டிரைவரை ப்ளக் துளையில் விடவே வேண்டாம். பிஸ்டனைப் பாதி இறக்கி, முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றை ஒரு முழம் உள்ளே திணித்துத் தண்டைத் திருப்பினால் பிஸ்டன் மெத்தையில் முட்டியதுபோல் நிற்கும், எங்கும் காயம் படாது. பிளைவீலை இழுத்தெடுக்க அதற்குரிய புல்லர் வேண்டும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால், அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்க் அரை மில்லிமீட்டர் கோணிவிடும். பிறகு அதை நேராக்க நல்ல லேத் கடைக்காரராலும் முடியாமல் போகலாம்.

அடுத்த முடிவு பிளைவீலைப் பற்றியது. இந்த அளவு இன்ஜினில் அது அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு வழிகள்.

மேக்னெட்டோவை வைத்துக்கொண்டு, பிளைவீலின் விசிறி இறக்கைகளை லேத்தில் கடைந்து எடுக்கலாம். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம், பறக்கும் நடுவில் சார்ஜ் தீருமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் மேக்னெட்டோ பொறி கொடுக்கக் குறிப்பிட்ட வேகம் தேவை. ஸ்டார்டர் கயிறு அதை எளிதாகக் கொடுத்தது. கையால் ப்ரொப்பெல்லரைத் தட்டும்போது அந்த வேகம் வருவது கடினம். பொறி எப்போதும் ஒரே கோணத்தில் விழுவதால் திருப்பி உதைக்கவும் செய்யும். ஸ்பிரிங் ஸ்டார்டரோ எலக்ட்ரிக் ஸ்டார்டரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி சரி. கடையும்போது காந்தத்தைப் பிடித்திருக்கும் வார்ப்பைத் தொடக்கூடாது. விசிறியை மட்டும் எடுங்கள், விளிம்பை மெலிதாக்காதீர்கள். வார்ப்பு அலுமினியத்தில் ஒரு விரிசல் விட்டாலும் 7000 சுற்றில் காந்தம் குண்டாகப் பறக்கும். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 0.25 முதல் 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு ஒன்றின் தடிமன் ஏறக்குறைய அதுதான்.

இரண்டாவது வழி பிளைவீலை அடியோடு விட்டுவிட்டு சிடிஐ எனப்படும் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது. மாட்யூலும் பேட்டரியும் சேர்ந்து 200, 250 கிராம் வரும். அப்படியும் லாபம்தான். பேட்டரியை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தி விமானத்தின் எடைமையத்தைச் சரிசெய்யலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம். கையால் தட்டும்போது பொறியைத் தாமதப்படுத்தி, சுற்று ஏறியதும் முன்னுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஸ்டார்ட் ஆவது எளிது, ஐட்லிங் 1600, 1800 சுற்றில் அமைதியாக நிற்கும். எங்கள் பரிந்துரை தயங்காமல் சிடிஐ.

ஹப்: மொத்த வேலையின் உயிர்

தண்டையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும் ஹப்பை 6061 தர அலுமினியத்தில் கடைந்து செய்ய வேண்டும். தண்டின் முனை கூம்பாக இருந்தால் ஹப்பின் உட்கூம்பும் அதே கோணத்தில் அமைய வேண்டும். கோணத்தை அளந்து கடைவதைவிட நல்ல முறை ஒன்று உண்டு. லேத்தின் காம்பவுண்ட் ஸ்லைடை, அந்தத் தண்டின் மீதே டயல் கேஜ் வைத்து, கேஜ் நகராத நிலைக்குத் திருப்பிப் பூட்டிவிட்டு, அதே அமைப்பில் ஹப்பைக் கடையுங்கள். பிறகு கூம்பில் மார்க்கர் மை பூசி ஹப்பை அழுத்தித் திருப்பி எடுத்தால், மை எங்கே அழிந்திருக்கிறது என்று தெரியும். முக்கால் பங்குக்கு மேல் ஒட்ட வேண்டும். வாய்ப்பக்கம் மட்டும் ஒட்டினால் கோணம் தவறு. சிறு குறையை வால்வு தேய்க்கும் பேஸ்ட் வைத்துக் கையால் தேய்த்துச் சரிசெய்யலாம், தேய்த்தபின் மண்ணெண்ணெயில் ஒரு துகள் இல்லாமல் கழுவ வேண்டும்.

சுழற்சியின் பலத்தைத் தாங்குவது கூம்பின் இறுக்கமே. சாவி எனப்படும் சிறு கீ, இடத்தைக் காட்டுவதற்கு மட்டும்தான். கூம்பு சரியில்லாமல் கீயை நம்பினால் அது ஒரு நாள் வெட்டுப்பட்டு, பொறி விழும் நேரம் தாறுமாறாகும். 8 மி.மீ. மரையுள்ள நட்டை 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு நடுத்தர வலிமையுள்ள திரெட் லாக்கர் ஒரு சொட்டு.

கிளட்ச் பக்கத்தில் கூம்பு இல்லாமல் வெறும் மரை மட்டும் இருக்கும் இன்ஜின்களில் ஹப், தண்டின் தோள்பட்டையில் முட்டி நேராக நிற்க வேண்டும். மரை மட்டும் எதையும் மையப்படுத்தாது. தோள்பட்டை சிறியதாக இருந்தால், மரைக்கு முன்னுள்ள வழுவழுப்பான பகுதியில் இறுக்கமாக உட்காரும்படி ஹப்பின் உட்புறத்தை 0.01, 0.02 மி.மீ. இடைவெளிக்குக் கடையச் சொல்லுங்கள்.

மாட்டியபின் டயல் கேஜை ஹப்பின் முகத்தில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் திரும்பக் கடையுங்கள். 45 மி.மீ. விட்டமுள்ள முகத்தில் 0.1 மி.மீ. கோணலே, 18 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனியில் ஒரு மி.மீ. தடம் மாற்றமாகத் தெரியும். ஹப் நீளமாக இருந்தால் மூக்குக்கு அழகு, பேரிங்குக்கு ஆகாது. முன் பேரிங்கிலிருந்து ப்ரொப்பெல்லரின் பின்முகம் வரை 40 மி.மீ.க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மரத்தால் ஆன ப்ரொப்பெல்லருக்கு நடுவில் ஒரு நட்டை மட்டும் நம்புவதைவிட, முகத்தில் 5 மி.மீ. போல்ட் நான்கும் முன்னால் தடித்த வாஷரும் போடுவது மேல். மரம் அழுந்தி இளகும் என்பதால் ஒவ்வொரு முறை பறக்கும் முன்னும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

காந்தமும் சென்சாரும்

சிடிஐக்கு 4 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. உயரமும் உள்ள நியோடிமியம் காந்தத்தை ஹப்பின் விளிம்பில் பதிக்க வேண்டும். காந்தத்தின் ஒரு முனைக்கு மட்டும்தான் சென்சார் பதில் சொல்லும். ஒட்டும் முன் மாட்யூலை இணைத்து, ப்ளக்கைச் சிலிண்டர் உடம்பில் சாய்த்து, காந்தத்தை சென்சார் முன் ஆட்டிப் பொறி வரும் முகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளக் மூடி எதிலும் படாமல் அந்தரத்தில் தொங்கும்போது சென்சாரைத் தூண்டினால் மாட்யூல் கருகும். சிடிஐகள் வீணாவதில் பெரும்பங்கு இந்தக் கவனக்குறைவால்தான்.

காந்தம் வெறும் 0.28 கிராம். ஆனால் மையத்திலிருந்து 18 மி.மீ. தள்ளி 8000 சுற்றில் அதை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 360 கிராம் எடைக்குச் சமம். எனவே துளையைக் காந்தத்துக்கு இறுக்கமாகப் போட்டு எபாக்சி வைத்து, வாயை சென்டர் பஞ்ச் கருவியால் இரண்டு இடத்தில் தட்டிக் குறுக்குங்கள்.

பொறி விழ வேண்டிய இடம் பிஸ்டன் உச்சிக்கு 28 டிகிரி முன்னால். உச்சியைக் கண்டுபிடிக்க, ப்ளக் துளையில் ஒரு பிஸ்டன் ஸ்டாப்பரை முறுக்கி, தண்டை இருபுறமும் முட்டும் வரை திருப்பி இரண்டு கோடு போடுங்கள், நடுக்கோடுதான் உச்சி. பிஸ்டன் மேலே நிற்பதுபோல் தெரியும் இடத்தைக் கண்ணால் குறித்தால் நான்கைந்து டிகிரி பிசகும், ஏனென்றால் உச்சிக்கு அருகில் தண்டு திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே இல்லை. ஹப்பின் விட்டம் 40 மி.மீ. என்றால் 28 டிகிரி என்பது விளிம்பில் 9.8 மி.மீ. நீளம். காகிதப் பட்டையில் அளந்து ஒட்டினால் போதும். சென்சார் பட்டையில் ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் நகர்த்த நீள்துளை வையுங்கள். காந்தத்துக்கும் சென்சாருக்கும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி போதுமானது.

சிடிஐ பயன்படுத்தும்போது ப்ளக் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., மேக்னெட்டோவுக்கு 0.6. பெயரில் ஆர் எழுத்துள்ள ரெசிஸ்டர் வகை ப்ளக், கண்ணி போர்த்திய ப்ளக் ஒயர், ரிசீவரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி மாட்யூல், தனிப் பேட்டரி, தனி சுவிட்ச். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தபின் இடையூறு குறைந்துவிட்டது உண்மைதான், ஆனாலும் சர்வோ ஒயரை இக்னிஷன் ஒயரோடு சேர்த்துக் கட்டக்கூடாது. த்ராட்டில் கம்பி நைலானாக இருக்கட்டும். உலோகத்தோடு உலோகம் உரசினால் அதுவும் ரேடியோ இரைச்சல்தான்.

கார்ப்புரேட்டர்

இங்கே எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. எல் (குறைந்த சுற்றுக்கு), எச் (அதிக சுற்றுக்கு) என்று இரண்டு ஊசிகளும் திருப்ப முடியும்படி உள்ள வால்ப்ரோ அல்லது ஜாமா கார்ப்புரேட்டர் வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுக்காக ஊசியை அடைத்த வகையாக இருந்தால் வேறொன்று வாங்கிப் போடுங்கள், அதை நோண்டுவது நேர விரயம். பழையதானால் டயஃப்ரம் கிட் மாற்றுவது கட்டாயம். விறைத்த டயஃப்ரத்தை ஊசியால் சரிக்கட்ட முடியாது.

டயஃப்ரம் பம்பு இயங்குவது கிராங்க் கேஸ் அழுத்தத்தின் துடிப்பால். அந்தத் துடிப்பு, சிலிண்டருக்கும் கார்ப்புரேட்டருக்கும் நடுவிலுள்ள கட்டையில் ஒரு சிறு துளை வழியே வருகிறது. இன்ஜினை மூக்குக்குள் அடக்க கார்ப்புரேட்டரைத் திருப்பி வைப்பவர்கள் அந்தத் துளையை மறந்து காஸ்கெட்டால் மூடிவிடுவது உண்டு. அறிகுறி தெளிவானது. வாயில் பெட்ரோல் சொட்டுவிட்டால் இன்ஜின் இரண்டு நொடி சீறிவிட்டு நிற்கும், எத்தனை முறை செய்தாலும் அதே கதை. நடுக்கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு நேராகச் சிலிண்டரில் பூட்டுவதும் தவறு. சூட்டைத் தடுக்கத்தான் அது பிளாஸ்டிக்கில் இருக்கிறது.

இன்னொன்று, பலருக்குப் பறக்கும்போது மட்டும் வரும் தொல்லை. டயஃப்ரம் மூடியின் நடுவில் ஊசித்துளை ஒன்று இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தை டயஃப்ரம் உணர்வதற்கான துளை அது. ப்ரொப்பெல்லர் காற்று அதில் நேராக மோதினால் டயஃப்ரம் அழுந்தி பெட்ரோல் அதிகமாகும், காற்று உறிஞ்சும் இடமாக அமைந்தால் குறையும். தரையில் அருமையாக ஓடிய இன்ஜின் வேகமெடுத்ததும் திணறினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மூடியில் சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, ஒரு டியூபை விமானத்தின் உடலுக்குள் விட்டால் தீர்ந்தது.

காற்றுக் கசிவுச் சோதனை

பிரித்துப் பூட்டிய எந்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினையும் இந்தச் சோதனை இல்லாமல் கிளப்பக்கூடாது. எண்ணெய் சீல் வழியாகவோ காஸ்கெட் வழியாகவோ காற்று உள்ளே போனால் கலவை மெலிந்து, எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஊசியைத் திறந்து கலவையைத் தடிமனாக்கினாலும் முழு வேகத்தில் ஒரு மாதிரியும் ஐட்லிங்கில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும்.

ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பல்பும் மானியும் இதற்குக் கச்சிதம். கார்ப்புரேட்டர் வாயைத் தட்டையான ரப்பரும் தகடும் வைத்து மூடுங்கள். புகைவாயை மூடும் தகட்டில் ஒரு நிப்பிள் வைத்து அதில் பல்பை இணையுங்கள். ப்ளக்கை முறுக்கி, பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி, 300 மி.மீ. பாதரசம் வரை அழுத்துங்கள். ஒரு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் தண்டின் இரு முனையிலும், கேஸ் பாதிகள் சேரும் இடத்திலும் சோப்பு நீர் தடவிக் குமிழைத் தேடுங்கள்.

குளிர்ச்சியும் சைலன்சரும்

விசிறி போனதும் குளிர்விக்கும் பொறுப்பு ப்ரொப்பெல்லர் காற்றுடையது. சிலிண்டர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கவலையில்லை. மூக்கு உறைக்குள் அடைத்தால், வரும் காற்று துடுப்புகளுக்கு நடுவே புகுந்தே போகும்படி பால்சா அல்லது மெல்லிய பிளைவுட் தடுப்பு வைக்க வேண்டும். வெளியேறும் வழியின் பரப்பு உள்ளே வரும் வழியைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். முன்னால் பெரிய ஓட்டை போட்டுப் பின்னால் சின்னதாக விட்டால் காற்று உள்ளேயே தேங்கிச் சூடேறும். வழக்கமாக எல்லோரும் செய்யும் தவறு இதுதான்.

பழைய சைலன்சர் கனமானது, சிலவற்றில் உள்ளே வினையூக்கிக் கட்டியும் இருக்கும். அது செந்தணலாகச் சுடும், விமானத்துக்குள் அதற்கு இடமில்லை. ஒரு மி.மீ. இரும்புத் தகட்டில் பித்தளைப் பற்றவைப்போடு செய்த டப்பா போதும். ஈயப் பற்று உருகி ஓடிவிடும். 25 சிசிக்கு டப்பாவின் கொள்ளளவு 200 முதல் 250 மில்லி, வெளிக்குழாய் உள்விட்டம் 11, 12 மி.மீ. அதைவிடக் குறுக்கினால் சத்தம் கொஞ்சம் குறையும், சூடு நிறைய ஏறும். சைலன்சர் போல்ட்டுகள் இளகியே தீரும். சூட்டில் திரெட் லாக்கர் வேலை செய்யாது, நோர்ட் லாக் போன்ற ஆப்பு வாஷரோ, தலையில் துளையிட்டுக் கம்பி கட்டுவதோதான் நிற்கும்.

மாட்டுவதும் பெட்ரோல் வழியும்

இன்ஜின் தாங்கும் முன்சுவர் 6 மி.மீ. பர்ச் பிளைவுட்டுக்குக் குறையக்கூடாது. உட்புற மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்து மெதுவாக இறுகும் எபாக்சியால் ஒட்டி, சுவரின் முகத்தில் பெட்ரோல் ஊறாதபடி மெல்லிய எபாக்சி பூசுங்கள். போல்ட் 5 மி.மீ., பின்னால் அகலமான வாஷர், உட்புறம் பூட்டு நட்டு. ரப்பர் புஷ் வைத்து அதிர்வைக் குறைக்க முயல்வோர் பலர். தவறான கடினத்தில் ரப்பர் போட்டால் ஐட்லிங்கில் இன்ஜின் தலையாட்டும், த்ராட்டில் தானே ஏறி இறங்கும். நேராகச் சுவரில் பூட்டி, ப்ரொப்பெல்லரைக் கவனமாகச் சமநிலைப்படுத்துவது நம்பகமானது.

மெத்தனால் விமானங்களுக்குப் பயன்படும் சிலிக்கோன் டியூப் பெட்ரோலில் ஊதிப் பிசுபிசுக்கும். டைகான் வகைப் பெட்ரோல் டியூப் வேண்டும், டேங்க் தக்கையும் பெட்ரோலுக்குரியது. பித்தளைக் குழாய் நுனியில் மெல்லிய கம்பியைச் சுற்றிப் பற்றவைத்து ஒரு விளிம்பு உண்டாக்கினால் டியூப் கழலாது. டேங்குக்குள் தொங்கும் எடையோடு ஃபெல்ட் ஃபில்டர். 25 சிசிக்கு 350 முதல் 400 மில்லி டேங்க் பதினைந்து நிமிடத்துக்குத் தாராளம்.

எண்ணெய் 32-க்கு 1, அதாவது லிட்டருக்கு 31 மில்லி. முதல் நான்கைந்து லிட்டர் சாதாரண மினரல் எண்ணெய், பிறகு ஜேசோ எஃப்டி தரமுள்ள எண்ணெய் 40-க்கு 1, லிட்டருக்கு 25 மில்லி.

ப்ரொப்பெல்லரும் டியூனிங்கும்

25 சிசிக்கு 16×8 (விட்டம் 16 அங்குலம், ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரமான பிட்ச் 8 அங்குலம்) அல்லது 17×6, 31, 32 சிசிக்கு 18×6 அல்லது 18×8 என்று தொடங்குங்கள். தரையில் முழு த்ராட்டிலில் 6500-க்கும் 7500-க்கும் நடுவில் நின்றால் பொருத்தம் சரி. இந்த இன்ஜின்களின் போர்ட் அளவே அந்தச் சுற்றுக்கானது. 9000-த்துக்கு விரட்டுவதில் பயனில்லை. 18×6 ப்ரொப்பெல்லர் 7000 சுற்றில் ஐந்தரை கிலோவை ஒட்டி இழுக்கும், அதன் பிட்ச் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். 16×8 ப்ரொப்பெல்லர் 7500 சுற்றில் ஐந்து கிலோவை ஒட்டி இழுக்கும், வேகம் 91. பெரிய இறக்கையோடு மெதுவாகப் போகும் விமானத்துக்கு முதலாவது, ஓடும் விமானத்துக்கு இரண்டாவது. விமானத்தின் எடை 25 சிசிக்கு ஏழு கிலோவைத் தாண்ட வேண்டாம், இறக்கை வீச்சு 1.8 முதல் 2.1 மீட்டர். கனமான மர ப்ரொப்பெல்லர் பிளைவீல் இல்லாத குறையை ஈடுகட்டும், மெலிந்த இறகுள்ளது கையை உதைக்கும்.

ஊசிகள் இரண்டையும் மெதுவாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். இன்ஜின் சூடானபின் முழு த்ராட்டிலில் எச் ஊசியைச் சிறிது சிறிதாக மூடினால் சுற்று ஏறி ஓர் உச்சத்தைத் தொடும். அங்கே விட்டுவிடாதீர்கள், 200, 300 சுற்று குறையும் வரை திறங்கள். காற்றில் ப்ரொப்பெல்லரின் பாரம் குறைந்து சுற்று தானே 500-க்கு மேல் ஏறும், அப்போது கலவை மெலியும். பிறகு ஐட்லிங்கில் எல் ஊசி. த்ராட்டிலைச் சட்டென்று திறக்கும்போது இன்ஜின் விக்கி நின்றால் எல் மெலிவு, புகையோடு தடுமாறி ஏறினால் தடிமன். எல் மாற்றினால் எச் சற்றே மாறும், திரும்ப ஒரு தடவை பாருங்கள். கடைசியாக, உதவிக்கு ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்து மூக்கை வானம் பார்க்க நிமிர்த்த, முழு த்ராட்டிலில் பத்து நொடி சுற்று தொய்யாமல் இருக்க வேண்டும்.

கிளப்பும் முறை: இக்னிஷனை அணைத்து, சோக்கை மூடி, கார்ப்புரேட்டரில் பெட்ரோல் நனையும் வரை ப்ரொப்பெல்லரைச் சுற்றுங்கள். இக்னிஷனைப் போட்டு, தடித்த தோல் கையுறையோடு தட்டினால் ஒரு முறை சீறும். சோக்கைத் திறந்து மீண்டும் தட்டினால் கிளம்பும். மேக்னெட்டோ இன்ஜினில் இக்னிஷன் எப்போதும் உயிரோடு இருப்பதாகவே நினைக்க வேண்டும். காயில் ஒயரை எர்த் செய்யும் சுவிட்ச் ஒன்று விமானத்தின் வெளியில், ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் கை எட்டும் இடத்தில் இருப்பது கட்டாயம். சிடிஐக்கு ரேடியோவிலிருந்தே அணைக்கும் சுவிட்ச் சேருங்கள். த்ராட்டில் சர்வோ பழுதானால் இன்ஜினை நிறுத்த வேறு வழி கிடையாது. வாலைக் கட்டாமல், பவுடர் தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் பெட்ரோல் இன்ஜினைத் தட்டாதீர்கள். ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கவும் கூடாது.

முதல் டேங்க் தீர்ந்ததும் இன்ஜின் ஆறியபின் சிலிண்டர் அடி போல்ட், சைலன்சர், கார்ப்புரேட்டர், முன்சுவர், ஹப் நட்டு அத்தனையையும் திரும்ப இறுக்குங்கள். ஐந்தாவது டேங்கில் இன்னொரு முறை. அப்போது ப்ளக்கையும் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளங்காப்பி நிறத்தில் இருந்தால் ஊசி சரி, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் உடனே எச் ஊசியைக் கால் சுற்று திறங்கள். சில வாரம் பறக்கப் போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, கார்ப்புரேட்டரில் மிச்சமுள்ளது தீரும் வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் உள்ளேயே தங்கினால் டயஃப்ரம் விறைத்துவிடும்.